தீபாவளி சீசனுக்கு ஜவுளிக்கடை வேலை: சேரலாமா?

கேள்வி: அக்கா, நான் பி.காம். முடித்துவிட்டேன். ஒரு பேப்பர் அரியர், நவம்பரில் எழுத வேண்டும். வீடு பல்லாவரம். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் தீபாவளி சீசனுக்கு 45 நாள் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். காலை 10 முதல் இரவு 9.30 வரை, மாதம் 13,000 ரூபாய், மதியச் சாப்பாடு உண்டு. ஓ.டி. கிடையாது, வார லீவும் கிடையாது. சம்பளத்தைத் தீபாவளி முடிந்ததும் மொத்தமாகத் தருவார்களாம். ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் யூனிஃபார்ம் சேலைக்கு 1,500 ரூபாய் டெபாசிட்டும் கேட்கிறார்கள். சீசன் ஆளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் எதுவும் வராது என்றும் சொன்னார்கள். ராத்திரி எப்படி வருவாய் என்று அம்மா பயப்படுகிறார். சேரலாமா, வேண்டாமா? திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். (பெயர் வேண்டாம், பல்லாவரம்)

பதில்:

சேருங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு உங்கள் அம்மா வேண்டவே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் அவர்கள் சொன்ன நிபந்தனைகளுக்கெல்லாம் தலையாட்டிவிட்டுச் சேராதீர்கள். நான் ஜவுளிக்கடைகளின் பணியாளர் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது தொழிலாளர் சட்ட ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடைக்காரர் எப்படிக் கணக்குப் போடுவார், வேலைக்கு வரும் பிள்ளைகள் எந்த இடத்தில் ஏமாறுவார்கள், இரண்டும் பார்த்திருக்கிறேன். உங்களிடம் அவர்கள் சொன்னதில் பாதி சட்டப்படி செல்லாது. இன்னொரு விஷயம், 45 நாள் வேலையில் சண்டை போட்டு எதையும் வாங்க நேரம் இருக்காது. கேட்க வேண்டியதைச் சேருவதற்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும், அப்போதுதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு. சீசனுக்கு ஆள் கிடைப்பது கடைக்கும் கஷ்டம்தான், அதை மறந்துவிடாதீர்கள்.

முதலில் சம்பளக் கணக்கு. 13,000 ரூபாயை 26 வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 500. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது, அதன்படி கடையில் ஒருவருக்கு வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஆக உங்கள் மணிக்கூலி 62 ரூபாய் 50 காசு. 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி தர வேண்டும், அதாவது மணிக்கு 125. இப்போது உங்கள் நேரத்தைப் பாருங்கள். காலை 10 முதல் இரவு 9.30 வரை பதினொன்றரை மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி, இரண்டு டீ இடைவேளைக்கு அரை மணி கழித்தால் 10 மணி நேர வேலை. தினமும் 2 மணி நேரம் ஓ.டி., 250 ரூபாய். வார லீவு போக 39 நாள் என்று வைத்துக்கொண்டால் 9,750 ரூபாய். “ஓ.டி. கிடையாது” என்று அவர்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனது இந்தப் பணத்தைத்தான். ஒரு அரியர் பேப்பருக்கும் அடுத்த வேலை தேடும் காலத்துக்கும் உங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகையா?

இதிலும் ஒரு எல்லை இருக்கிறது. நாளுக்கு 10 மணி, வாரம் 6 நாள் என்றால் 60 மணி ஆகிறது. 1947 சட்டம் ஓ.டி.யோடு சேர்த்தே வாரத்துக்கு 54 மணி நேரம்தான் அனுமதிக்கிறது. 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று அரசு அனுமதி கொடுத்த கடைகளுக்குக்கூட 57 மணிதான். காலையில் உள்ளே வந்ததிலிருந்து ராத்திரி வெளியே போகிற வரை, இடைவேளை எல்லாம் சேர்த்து, 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. இதை நினைவில் வையுங்கள், ஏனென்றால் 9.30 என்பது கஸ்டமர் போகும் நேரம். ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு கவுண்டரில் மலைபோல் கிடக்கும் புடவைகளை மடித்து, டேக் சரிபார்த்து, ரேக்கில் அடுக்கிவிட்டுக் கிளம்ப 10.15, 10.30 ஆகிவிடும். மடிக்கிற நேரமும் வேலை நேரம்தான். அதனால் “கடை எத்தனை மணிக்கு மூடும்” என்று கேட்காதீர்கள், “நான் எத்தனை மணிக்கு வெளியே வருவேன்” என்று கேளுங்கள்.

கடைகளுக்கென்று அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியமும் உண்டு, அதில் அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறும். சேருவதற்கு முன் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் இந்த ஆண்டுத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 13,000 அதற்குக் கீழே இருந்தால் வெளிப்படையாகவே கேட்கலாம்.

சம்பளத்தைத் தீபாவளிக்குப் பிறகு மொத்தமாகத் தருகிறோம் என்பதற்கு ஒத்துக்கொள்ளவே கூடாது. மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். வேலையை விட்டு நின்றால், நீங்களாக நின்றாலும் அவர்கள் நிறுத்தினாலும், இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்துத் தர வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஊதியத்துக்கான தொகுப்பு இதைச் சொல்கிறது. கடைக்காரர் மொத்தமாக வைத்துக்கொள்ள நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது, தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் ஆள் நின்றுவிட்டால் அவருக்குக் கை ஒடிந்த மாதிரி. அவர் பயம் நியாயமானதுதான். அதற்கு மாற்றாகக் கடைசி நாள் வரை வந்தால் கூடுதலாக இவ்வளவு என்று அவர் ஒரு தொகை அறிவிக்கலாம். அதை விட்டுவிட்டு, நீங்கள் ஏற்கெனவே உழைத்த பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உங்களைக் கட்டிப்போடக் கூடாது. பணம் உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் வரட்டும். ஆள் சேர்த்துவிடும் ஏஜென்ட் கணக்குக்குப் போய் அங்கிருந்து உங்களுக்கு வருவது வேண்டாம். ஏஜென்ட் மூலமாகச் சேர்ந்து அவர் சம்பளம் தராமல் போனாலும், வேலை வாங்கிய கடைதான் கொடுத்தாக வேண்டும், அதுவும் தெரிந்திருக்கட்டும்.

ஒரிஜினல் மார்க்‌ஷீட், டி.சி., எதையும் கொடுக்காதீர்கள். இதில் பேச்சுக்கே இடம் இல்லை. எத்தனை பிள்ளைகள் சீசன் முடிந்து சர்டிபிகேட்டுக்காக நடையாய் நடந்திருக்கிறார்கள், நல்ல வேலைக்கு இன்டர்வியூ வந்த நாளில் கையில் காகிதம் இல்லாமல் நின்றிருக்கிறார்கள். நவம்பரில் அரியர் எழுதி முடித்ததும் உங்களுக்கே அது தேவைப்படும். ஒரிஜினலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அவர்கள் பார்த்துச் சரி என்றதும் அங்கேயே திருப்பி வாங்கிக்கொண்டு ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். ஜெராக்ஸின் குறுக்கே “சீசன் வேலைக்காக மட்டும்” என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். ஆதார் நகலுக்கும் அப்படியே செய்யுங்கள். யூனிஃபார்ம் டெபாசிட் 1,500 ரூபாயும் முன்கூட்டியே கொடுக்க வேண்டாம், கடைசி நாள் சேலையைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். கட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ரசீது கேளுங்கள், அதில் “திருப்பித் தரப்படும்” என்ற வார்த்தை இருக்கட்டும். ரசீதும் கிடையாது என்றால் அந்தக் கடையே வேண்டாம்.

“சீசன் ஆளுக்கு எதுவும் வராது” என்றது தவறான தகவல். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் வருகிறார்கள், அதில் நிரந்தரம், தற்காலிகம் என்று பிரிவினை இல்லை. உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், 13,000 ரூபாய்க்கு நூறு ரூபாய்கூட வராது. கடை 3.25 சதவீதம் கட்ட வேண்டும். சாதாரண காய்ச்சலுக்கு விடுப்புப் பணம் வாங்க 78 நாள் பங்களிப்பு வேண்டும், அது 45 நாளில் உங்களுக்கு வராது. ஆனால் வேலை நேரத்தில் அடிபட்டால் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. ஏணியில் ஏறி மேல் ரேக்கிலிருந்து பண்டல் இறக்கும்போது விழுந்தாலும் சரி, வேலைக்கு வரும் வழியில், போகும் வழியில் விபத்து நடந்தாலும் சரி, அதில் சேரும். சீசன் கூட்டத்தில் ஏணியும் மாடிப்படியும்தான் அதிகம் ஆளைக் கவிழ்க்கிற இடங்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். சேர்ந்த வாரமே இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்கி போனில் சேமித்து வையுங்கள். கே.கே.நகரிலும் அயனாவரத்திலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, எண் இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். பி.எஃப். பிடித்தால் யு.ஏ.என். என்கிற பி.எஃப். எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த வேலைக்கும் அதே எண்தான்.

போனஸ் விஷயத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், ஒரு கணக்கு ஆண்டில் 30 நாள் வேலை செய்தவருக்குப் போனஸ் உரிமை வந்துவிடுகிறது. நீங்கள் 39 நாள் வேலை பார்க்கிறீர்கள். குறைந்தபட்சம் 8.33 சதவீதம், கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு ஒரு வரம்பு இருப்பதால் பெரிய தொகையாக இருக்காது, ஆனாலும் உங்களுடையது. கணக்கு ஆண்டு மார்ச்சில் முடிந்து எட்டு மாதத்துக்குள் தர வேண்டும் என்பதால் இந்தத் தீபாவளிக்கு வராது, அடுத்த தீபாவளி சமயத்தில்தான் வரும். அதற்குள் நீங்கள் வேறு எங்கேயோ இருப்பீர்கள். அதனால் கிளம்பும்போதே வங்கிக் கணக்கு எண்ணையும் போன் நம்பரையும் பணியாளர் பிரிவில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், அடுத்த செப்டம்பரில் ஒரு தடவை நினைவுபடுத்துங்கள்.

வார லீவு. சீசனில் லீவு இல்லை என்பது எல்லாக் கடையும் சொல்கிற வசனம். சட்டப்படி வாரம் ஒரு முழு நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. நடைமுறையில் தீபாவளிக்கு முந்தைய இரண்டு ஞாயிறுகளில் லீவு கேட்டால் யாரும் தர மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம், ரங்கநாதன் தெருவில் அன்று கால் வைக்க இடம் இருக்காது. ஆனால் செவ்வாய், புதன் மாதிரி கூட்டம் குறைந்த ஒரு நாளைச் சுழற்சி முறையில் கேளுங்கள். அரியர் பரீட்சை தேதி வந்ததும் அன்றைக்கும் முந்தின நாளுக்கும் லீவு வேண்டும் என்பதைச் சேரும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இந்தப் பேப்பருக்காக வேலையை விட்டால்கூடப் பரவாயில்லை. வேலைக்காகப் பேப்பரை விட்டுவிடாதீர்கள், டிகிரி கையில் வந்தால் உங்கள் சம்பளமே வேறு.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அவர் பயப்படுவது சரிதான். இரவு 8 மணிக்கு மேல் பெண்களைச் சாதாரணமாக வேலை வாங்கக் கூடாது, எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்கிக்கொண்டு, பாதுகாப்பும் போக்குவரத்து வசதியும் செய்து கொடுத்துத்தான் வேலை வாங்கலாம் என்பது 24 மணி நேர அனுமதியோடு அரசு வைத்த நிபந்தனை. அந்தச் சம்மதக் கடிதம் சேருகிற அன்று நீட்டப்படும் காகிதக் கட்டுக்கு நடுவில் ஒன்றாக இருக்கும், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டி எதுவரை வரும், பல்லாவரம் வரையா, மாம்பலம் ஸ்டேஷன் வரையா, அதைக் கேளுங்கள். சீக்கிர ஷிஃப்ட் ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெரிய கடைகளில் திறக்கும் வேலைக்கென்று 9 மணிக்கு வந்து 6.30-க்குக் கிளம்பும் ஆட்கள் உண்டு, வாய் திறந்து கேட்டவர்களுக்குத்தான் அது கிடைக்கும். இரவில் ரயில் என்றால் தனியாக வராதீர்கள். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் போகிற பெண்கள் உங்கள் கடையிலேயே நாலைந்து பேராவது இருப்பார்கள், முதல் நாளே அவர்களைக் கண்டுபிடித்து, ஒன்றாகக் கிளம்பி, ஒரே பெட்டியில் ஏறுங்கள். மாம்பலம் ஸ்டேஷனுக்கும் தி.நகர் பஸ் நிலையத்துக்கும் நடுவே 2023-இல் திறந்த ஆகாய நடைபாலம் இருக்கிறது, உஸ்மான் ரோட்டுப் பக்கம் கடை என்றால் கீழே நெரிசலில் மாட்டாமல் அதில் போகலாம்.

இனி கடைக்குள்ளே. கால்தான் முதலில் போகும். மூன்றாம் நாள் ராத்திரி குதிகால் நெருப்பாய் எரியும், கணுக்கால் வீங்கும். புதுச் செருப்பு வேண்டாம், பழகின தட்டையான செருப்பு போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் சுவரில் காலை உயர்த்தி வைத்துப் பத்து நிமிடம் படுங்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது, கடையில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் உட்கார இருக்கை வசதி இருக்க வேண்டும் என்று. அதற்கு முன்பே கேரளத்தில் இது வந்துவிட்டது, கோழிக்கோட்டு ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்கள் போராடித்தான் வாங்கினார்கள். கஸ்டமர் இல்லாத பத்து நிமிடம் ஸ்டூலில் உட்காருவது உங்கள் உரிமை. சூப்பர்வைசர் முறைத்தாலும் உட்காருங்கள். அப்புறம் தண்ணீர். பாத்ரூமுக்கு விடமாட்டார்கள், மாடி ஏறிப் போக வேண்டும் என்று நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டு நீர்க்கடுப்போடு வருகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு இதில்தான் அதிகக் கோபம் வரும். ஒரு பாட்டில் தண்ணீரைக் கவுண்டருக்குக் கீழே வைத்துக்கொண்டு குடியுங்கள், பாத்ரூம் போக வேண்டும் என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

சீசன் ஆட்களைப் பெரும்பாலும் பட்டு செக்‌ஷனில் விட மாட்டார்கள். மடிப்பது, டிரையல் ரூம், பேக்கிங், டெலிவரி கவுண்டர், குழந்தைகள் ரெடிமேட், இப்படித்தான் போடுவார்கள். டிரையல் ரூமில் நின்றால், உள்ளே போகும்போது எத்தனை பீஸ், வெளியே வரும்போது எத்தனை பீஸ், இரண்டையும் வாய்விட்டு எண்ணுங்கள். “நாலு பீஸ்ங்கம்மா” என்று கஸ்டமர் காதில் விழும்படி சொன்னாலே பாதிப் பிரச்சினை வராது. டெலிவரியில் பில்லையும் பீஸையும் ஒன்றுக்கொன்று டிக் அடித்த பிறகுதான் பையை நீட்ட வேண்டும், எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சீசன் முடிவில் “உங்க செக்‌ஷன்ல ஆறு பீஸ் குறையுது, எல்லார் சம்பளத்துலயும் பிரிச்சுப் பிடிக்கிறோம்” என்று வரும். அப்படிப் பிடிக்க முடியாது. ஒரு பொருளைக் குறிப்பாக உங்கள் பொறுப்பில் ஒப்படைத்திருந்து, அது உங்கள் கவனக்குறைவால்தான் போனது என்று காட்டி, உங்கள் விளக்கத்தையும் கேட்ட பிறகுதான் பிடித்தம் செய்யலாம். நாலு பக்கமும் திறந்து கிடக்கிற ஒரு செக்‌ஷனில் ஆயிரம் பேர் கை வைத்துப் பார்க்கும் துணிக்கு 45 நாள் வந்த பெண் எப்படிப் பொறுப்பாவாள்? தாமதமாக வந்ததற்கு அபராதம் என்று இஷ்டத்துக்குப் பிடிப்பதும் முடியாது, அபராதம் மொத்தமாகவே சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பில்லிங்கில் உட்கார வைத்தால் காலையில் கல்லாவில் இருக்கும் பணத்தை எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள், நடுவில் வேறு யாராவது உங்கள் ஐ.டி.யில் பில் போட்டால் உடனே சொல்லுங்கள்.

கூட்டத்தில் யாராவது தப்பாக நடந்தால், கஸ்டமரோ கூட வேலை செய்பவரோ மேலாளரோ யாராக இருந்தாலும், சத்தமாகச் சொல்லுங்கள். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும், தற்காலிக ஊழியரும் அதில் புகார் தரலாம், மூன்று மாத அவகாசம் உண்டு. ஆனால் அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள், கேமரா பதிவு சில நாளில் அழிந்துவிடும், “இந்த நேரம், இந்த மாடி, பதிவை எடுத்து வையுங்கள்” என்று அதிலேயே எழுதுங்கள். அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181-ஐயோ அவசர உதவி எண் 112-ஐயோ அழையுங்கள்.

நீங்கள் பி.காம். என்பதால் ஒன்று சொல்கிறேன். முதல் வாரம் கொடுத்த வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டு, இரண்டாம் வாரம் பில்லிங் பக்கம் மாற்றுங்கள் என்று கேளுங்கள். பார்கோடு, ரிட்டர்ன் பில், கேஷ் டேலி, கார்டு பணத்துக்கும் யு.பி.ஐ. பணத்துக்கும் தனித்தனிக் கணக்கு, இதெல்லாம் புத்தகத்தில் படித்தவருக்கு இரண்டு நாளில் பிடிபடும். 2,500 ரூபாய் வரை விலையுள்ள ரெடிமேட் துணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் இப்படி. தள்ளுபடி போட்ட பிறகு ஒரு பீஸ் எந்தப் பக்கம் விழுகிறது என்று பில் போடும்போது கவனித்துப் பாருங்கள், நாளை கணக்காளர் வேலைக்குப் போகும்போது இதை உங்களால் வாயாரச் சொல்ல முடியும். தீபாவளிக்குப் பின் கிறிஸ்துமஸ், பொங்கல் என்று சீசன் தொடர்வதால் பில்லிங் தெரிந்த ஆளைக் கடை லேசில் விடாது. விட்டாலும் அனுபவச் சான்றிதழ் வாங்காமல் வராதீர்கள், தேதியோடு, எந்த வேலை பார்த்தீர்கள் என்பதோடு.

சரி, திங்கட்கிழமை என்ன சொல்வது? நேரில் போய்ப் பேசுங்கள், பேசி முடித்ததும் பணியாளர் பிரிவு எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போடுங்கள்: “வணக்கம் சார். இன்று பேசியபடி, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேலைக்கு வருகிறேன். மாதச் சம்பளம் 13,000, 8 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. தனி, மாதம் 7-க்குள் என் வங்கிக் கணக்கில். வாரம் ஒரு நாள் லீவு. பரீட்சைக்கு இரண்டு நாள் லீவு. இரவு வண்டி வசதி உண்டு. சான்றிதழ்களின் நகல் மட்டும் தருகிறேன். சரிதானே சார்?” அவர் “ஓகே” என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், பின்னால் அது உங்களுக்குச் சாட்சி. நியமனக் கடிதமும் கேளுங்கள், புதிய சட்டத் தொகுப்பின்படி எல்லாத் தொழிலாளருக்கும் அது தர வேண்டும். சேர்ந்த பிறகு தினமும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள். ஐ.டி. கார்டை போட்டோ எடுத்து வையுங்கள். சம்பளம் தராமல் இழுத்தடித்தால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் இருக்கிறது, மெட்ரோ ஸ்டேஷனும் அதே பெயரில் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே போய்க் கேட்டால் உங்கள் பகுதித் தொழிலாளர் ஆய்வாளர் யார் என்று சொல்வார்கள். நோட்டும் வாட்ஸ்அப் செய்தியும் வங்கிக் கணக்கும் கையில் இருந்தால் உங்கள் வழக்கு பலமானது.

நீங்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஓ.டி. ரேட்டில் கொஞ்சம் பேரம் பேசுவார்கள், லீவில் இழுப்பார்கள். நல்ல இடமாகத் தெரிந்தால் முதல் வாரம் பார்த்துவிட்டு மறுபடி கேட்கலாம். ஆனால் மூன்றில் இறங்கி வராதீர்கள்: ஒரிஜினல் சான்றிதழ், மொத்தமாகக் கடைசியில் சம்பளம், இரவு வீடு வந்து சேரும் வழி. இந்த மூன்றில் ஒன்றுக்கு மறுத்தாலும் “யோசித்துச் சொல்கிறேன் சார்” என்று எழுந்து வந்துவிடுங்கள்.

பல்லாவரத்தில் இருந்துகொண்டு தி.நகர் மட்டும்தான் என்று ஏன் நினைக்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. ஜி.எஸ்.டி. ரோட்டில் பெரிய பெரிய ஜவுளிக்கடைகள் இருக்கின்றன, அவர்களுக்கும் இதே சீசன், இதே ஆள் தேவை. திங்கட்கிழமைக்கு முன்னால் சனிக்கிழமை காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே இரண்டு கடையில் ஏறி விசாரித்துவிட்டு வாருங்கள். 500, 1,000 ரூபாய் குறைத்துச் சொன்னாலும், ராத்திரி பத்து மணிக்குள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அரியர் புத்தகத்தை ஒரு மணி நேரம் திறக்க முடியும் என்றால், உங்கள் இடத்தில் நான் அந்தக் கடையைத்தான் எடுப்பேன்.